இதயத்தில் லிம்போமாவா? பெரிகார்டிய நீரில் ஏடிஏ கூடியிருக்கும்போது ஸ்டீராய்டு தொடங்கலாமா?

#1 மணிமுத்தாறு (இதயவியல் பயிற்சி மருத்துவர்)

ஒரு மாதிரிச் சூழலை வைத்துக் கேட்கிறேன். 60 வயது தாண்டிய ஆண். மூன்று வாரமாக மூச்சு வாங்குகிறது, காலையில் முகம் வீங்குகிறது. எக்கோவில் வலது ஏட்ரியத்தின் (இதயத்தின் மேலறை) பக்கச்சுவரில் அடி அகன்ற கட்டி, பெரிகார்டியத்துக்குள் (இதயத்தின் உறைக்குள்) நீர். எடுத்த நீர் ரத்தச் சாயலில் இருக்கிறது. லிம்போசைட் அதிகம், ஏடிஏ (டிபி சந்தேகத்தில் நீரில் பார்க்கும் நொதி) 58, சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுச் சோதனை) நெகட்டிவ். சைட்டாலஜி (அணுச் சோதனை) ரிப்போர்ட்டில் 'லிம்போசைட் மிகுந்த நீர், புற்றணுக்கள் தென்படவில்லை' என்று ஒரே வரி. ரத்தத்தில் எல்டிஹெச் (அணுக்கள் வேகமாக அழியும்போது ஏறும் நொதி) 1,400, மிக அதிகம்.

இந்த இடத்தில் டிபி என்று எழுதி, நாலு மருந்தும் பிரட்னிசலோனும் (ஸ்டீராய்டு) தொடங்குவதுதான் நம்மூர் வழக்கம். எல்டிஹெச்சைப் பார்த்தால் கை வரவில்லை. ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா? திசுவை எங்கிருந்து எடுப்பது? லிம்போமா (நிணநீர் அணுப் புற்று) என்று வந்துவிட்டால் கீமோவின் முதல் சைக்கிளை எப்படிக் கடப்பது?

#2 பாரஃபின் (நோய்க்குறியியல்)

திசு கையில் வரும்வரை பிரட்னிசலோனைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏடிஏ என்பது டிபி கிருமியின் நொதி அல்ல, லிம்போசைட்டின் நொதி. நீரில் லிம்போசைட் பெருகினால் அதுவும் ஏறும். 40-ஐத் தாண்டினால் டிபி என்கிற கணக்கு, லிம்போமா இல்லாத இடத்தில்தான் செல்லும். லிம்போமா நீரில் அது 100-ஐத் தாண்டுவதும் உண்டு. சிபிநாட் பாசிட்டிவ் ஆனால் டிபி உறுதி. நெகட்டிவ் ஆனால் பெரிகார்டிய நீரில் அது எதையும் விலக்காது.

அந்த ஒற்றை வரி சைட்டாலஜி ரிப்போர்ட்டையும் நம்பவேண்டாம். 5 மி.லி. நீரை வெறும் குழாயில் போட்டு, மறுநாள் மதியம் லேபுக்கு வந்தால் அப்படித்தான் வரும். அணுக்கள் சிதைந்து, எது சாதாரண லிம்போசைட், எது லிம்போமா என்று பிரிக்க முடியாது. எடுக்கும்போதே பிரியுங்கள்:

– சைட்டாலஜிக்கும் செல் பிளாக்குக்கும் (அணுக்களைத் திரட்டிச் செய்யும் மெழுகுத் துண்டு) குறைந்தது 50 மி.லி., 100 கிடைத்தால் நல்லது. உடனே அனுப்பவேண்டும். இரவானால் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல.
– ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (அணு வகை பிரிக்கும் சோதனை) 10–20 மி.லி., ஈடிடிஏ அல்லது ஹெப்பாரின் குழாயில். ஃபார்மலின் ஒரு சொட்டுப் பட்டாலும் வீண்.
– உயிர்வேதியியல், சிபிநாட், கல்ச்சர் தனித்தனிக் குழாய்.

ஃப்ளோவில் பி-செல்கள் கப்பா, லாம்டா இரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் ஒற்றைக் குலம் (ஒரே அணுவின் வாரிசுகள், லிம்போமாவின் அடையாளம்) என்று அன்று மாலையே சொல்லிவிடலாம். ரிக்வெஸ்ட் தாளில் 'நீர், சைட்டாலஜி' என்று மட்டும் எழுதாமல் 'வலது ஏட்ரியக் கட்டி, லிம்போமா சந்தேகம், ஸ்டீராய்டு கொடுக்கவில்லை' என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியால் லேபில் நடக்கும் வேலையே மாறிவிடும்.

#3 எதிரொலி (எக்கோ, இதய எம்ஆர்ஐ)

பாரஃபின் மேடம் சொன்னதோடு ஒரு கணக்கு. டிபி பெரிகார்டைட்டிஸில் பிரட்னிசலோனைச் சோதித்த பெரிய ஆய்வு 2014-இல் வந்தது, ஆப்பிரிக்காவில் 1,400 பேரிடம். மரணம், டாம்பனாடு (நீர் இதயத்தை நெரிப்பது), கன்ஸ்ட்ரிக்‌ஷன் (பெரிகார்டியம் தடித்து இறுகுவது) மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு வித்தியாசம் காட்டவில்லை. தனியாகப் பார்த்தால் கன்ஸ்ட்ரிக்‌ஷன் குறைந்தது. ஆக டிபியாகவே இருந்தாலும் ஐந்து நாள் தாமதத்தால் பெரிய இழப்பில்லை. லிம்போமாவாக இருந்தால் அந்த ஐந்து நாள் மாத்திரை புற்றணுக்களைக் கரைத்து நோயின் பெயரையே அழித்துவிடும்.

இனி படம். வலது ஏட்ரியத்தில் அடி அகன்ற கட்டி என்றால் பட்டியல் சின்னது: லிம்போமா, ஆஞ்சியோசார்கோமா (ரத்தக் குழாய் அணுப் புற்று), வேறிடத்துப் புற்று பரவியது, ரத்த உறைவு. மிக்சோமா (தீங்கற்ற இதயக் கட்டி) பெரும்பாலும் இடது ஏட்ரியத்தில், ஃபோசா ஓவாலிஸ் (ஏட்ரியங்களின் நடுச்சுவர்ப் பள்ளம்) பக்கம் காம்போடு தொங்கும். லிம்போமாவுக்குக் காம்பு கிடையாது, சுவருக்குள் ஊறி நிற்கும்.

சிடியிலும் எம்ஆர்ஐயிலும் நான் முதலில் தேடுவது வலது ஏட்ரியத்துக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் (கீழறை) இடைப்பட்ட பள்ளத்தை. லிம்போமா அங்கே நிரம்பி வலது கொரோனரியை (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) சுற்றிக்கொள்ளும். ஆனால் நெரிக்காது. கட்டிக்கு நடுவே குழாய் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஆஞ்சியோசார்கோமா அப்படி விடாது, சிதைத்துக்கொண்டு போகும், உள்ளே ரத்தக்கசிவும் அழுகலுமாகக் கலங்கித் தெரியும்.

உறைவா என்று குழம்பினால் கடோலினியம் (எம்ஆர்ஐ சாயம்) கொடுத்த பிறகு டிஐயை (எம்ஆர்ஐ எடுக்கும் இடைநேரம்) 500–600 மில்லிசெகண்டுக்கு நீட்டி ஒரு படம் எடுங்கள். உறைவு கறுப்பாகவே நிற்கும், கட்டி கறுக்காது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: சுவரின் முழுத் தடிமனையும் கட்டி தின்றுவிட்டதா, வெளியில் நல்ல தசை மிச்சம் இருக்கிறதா? ஏன் என்று கீமோ பேச்சு வரும்போது தெரியும்.

#4 கத்திமுனை (இதய அறுவை)

கட்டி அவ்வளவு பெரிதென்றால் நெஞ்சைத் திறந்து முடிந்த அளவு எடுத்துவிடலாமே? திசுவும் கிடைக்கும், அடைப்பும் தீரும்.

#5 நிலவொளி (ரத்தப் புற்றுநோயியல்)

சார், லிம்போமா என்று தெரிந்தபின் அளவைக் குறைக்க வெட்டுவதில் ஆயுள் கூடுவதில்லை. சுவருக்குள் ஊறிய கட்டியை முழுசாக எடுக்கவும் முடியாது. பைபாஸ் போட்டு, ஸ்டெர்னம் (நெஞ்செலும்பு) ஆறும்வரை கீமோ தள்ளிப்போனால் அதற்குள் கட்டி பழைய அளவுக்கு வந்துவிடும். உங்கள் உதவி வேண்டியது மூன்று இடத்தில்: மற்ற எந்த வழியிலும் திசு கிடைக்காதபோது சிறு திறப்பில் பயாப்ஸி, திரும்பத் திரும்ப நீர் கட்டினால் பெரிகார்டிய ஜன்னல் (அந்தப் பெரிகார்டியத் துண்டே பயாப்ஸி), கட்டி வால்வை அடைத்து மணிக்கணக்கில் உயிர் போகும் நிலை.

மணிமுத்தாறு, இதயத்துக்குள் கையை விடுமுன் உடம்பு முழுக்கத் தேடுங்கள். இதயத்தில் மட்டும் தொடங்கும் லிம்போமா அபூர்வம், இதயத்தில் தோன்றும் கட்டிகளில் 1–2 சதவீதம்தான். வேறிடத்து லிம்போமா இதயத்துக்குப் பரவுவது அதைவிட எத்தனையோ மடங்கு. காறை எலும்புக்கு மேல், அக்குள், தொடை இடுக்கு பாருங்கள். ஆண்களில் விரையைத் தொட்டுப் பாருங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெட் சிடியில் (சர்க்கரையை இழுக்கும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) ஒரு கழுத்துக் கணு மின்னினால் அல்ட்ராசவுண்ட் வைத்துக் கோர் பயாப்ஸி எடுத்தால் போதும்.

#6 மணிமுத்தாறு

வேறெங்கும் இல்லை, நீரிலும் தெளிவில்லை என்றால் ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போய் எடுக்கும் பயாப்ஸிதானே? ஒரு தடவை போனால் வீணாகாமல் எடுத்துவர என்ன செய்யவேண்டும்?

#7 எதிரொலி

ஃப்ளூரோ (நேரடி எக்ஸ்-ரே) மட்டும் வைத்துப் போகாதீர்கள். டீஇஇ (உணவுக்குழாய் வழி எக்கோ) அல்லது இதயத்துக்குள் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கட்டாயம். எஸ்விசி (மேலுடல் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரை) அடைபட்டிருந்தால் கழுத்து வழியை விட்டு ஃபெமோரல் (தொடைச் சிரை). கட்டியின் ஆடும் நுனியைக் கடிக்காதீர்கள், உடைந்து நுரையீரலுக்குப் போகும், கிடைப்பதும் பெரும்பாலும் உறைவுதான். அடி அகன்ற, அசையாத பகுதியில் 5–6 கடி. மெல்லிய ஏட்ரியச் சுவர் பக்கம் வாயைத் திருப்பவே கூடாது. பெரிகார்டியோசென்டெசிஸ் (பெரிகார்டிய நீரை ஊசியால் எடுப்பது) தட்டு திறந்து பக்கத்தில் இருக்கட்டும்.

#8 பாரஃபின்

கடித்ததை பயாப்டோமிலிருந்து (திசு கடிக்கும் கருவி) ஃபோர்செப்ஸால் பிடுங்காதீர்கள். லிம்போமா அணு அவ்வளவு மென்மை. ஃபோர்செப்ஸ் நசுக்கிய துண்டு ஸ்லைடில் நீல மை இழுத்த மாதிரி வரும், அதில் நிறச்சோதனையும் ஒழுங்காக வேலை செய்யாது. ஊசி நுனியால் தளர்த்தி, நேராக 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழவிடுங்கள். ஒன்றிரண்டு துண்டு மட்டும் ஆர்பிஎம்ஐயில் (அணுக்களை உயிரோடு வைக்கும் திரவம்), ஃப்ளோவுக்கு. உலர்ந்த பஞ்சுத்துணி மேல் வைத்தால் திசு நாரோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் சுற்றில் சிடி20, சிடி3, கி-67 நிறச்சோதனைகள் போதும், கீமோ குழு தயாராகலாம். பிறகு சிடி10, பிசிஎல்6, மம்1, பிசிஎல்2, மிக், ஈபர் (ஈபிவி வைரஸ் சோதனை). பெரும்பாலும் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா என்றுதான் வரும். மிக், பிசிஎல்2 ஃபிஷ்ஷையும் (மரபணு மாற்றச் சோதனை) மறக்காதீர்கள், இரண்டும் மாறியிருந்தால் மருந்துத் திட்டமே வேறு.

லார்ஜ் பி-செல் என்று வந்தாலே கீமோ என்று ஓடவேண்டாம், இரண்டு விதிவிலக்கு உண்டு. ஒன்று, மிக்சோமாவுக்குள்ளோ செயற்கை வால்வின் உறைவுக்குள்ளோ தற்செயலாகக் கிடைக்கும் ஈபிவி பாசிட்டிவ் அணுக்கள். ஃபைப்ரினோடு ஒட்டிய லார்ஜ் பி-செல் லிம்போமா என்று பெயர். சுவரில் ஊறியிருக்காது. எடுத்துவிட்டாலே பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டு, வயதானவர்களுக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறால் நீர் தேங்கி, அந்த நீரில் மட்டும் வருவது. ஹெச்ஹெச்வி-8 (ஒரு ஹெர்பிஸ் வைரஸ்) நெகட்டிவ், சிடி20 பாசிட்டிவ், கட்டி எதுவும் இருக்காது. 2022 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். நீரை வடித்ததோடு அடங்குவதும் உண்டு. ஹெச்ஐவி உள்ளவரின் நீரில் சிடி20 நெகட்டிவ், ஹெச்ஹெச்வி-8 பாசிட்டிவ் என்று வந்தால் அது வேறு, கடுமையான நோய். சிடி20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் அங்கே பயன்படாது.

#9 மணிமுத்தாறு

மேடம், வார்டில் ஏற்கெனவே நாலு நாள் டெக்சா (டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு) போட்டுவிட்டார்கள் என்றால்?

#10 பாரஃபின்

உடனே எடுங்கள். அணுக்கள் செத்து நிழலாகத் தெரிந்தாலும் சிடி20 சவ்வில் சில சமயம் மிச்சமிருக்கும், அதை வைத்துப் பெயர் சொல்லலாம். சாதாரண டி-செல்லும் மேக்ரோஃபேஜும் மட்டும் வந்தால் ஸ்டீராய்டை நிறுத்தி, கட்டி மறுபடி தலைதூக்கும்போது திரும்ப எடுக்கவேண்டும். நோயாளியின் நிலை தாங்கினால்தான் அது.

#11 அணுக்கதிர் (அணு மருத்துவம்)

பெட் பற்றி ஒன்று. நல்ல இதயத் தசையே சர்க்கரையை இழுத்து மின்னும். சாதாரண 6 மணி நேரப் பட்டினியோடு அனுப்பினால் கட்டியும் தசையும் ஒரே வெளிச்சத்தில் கலந்துவிடும். முந்தைய நாள் முழுக்க மாவுச்சத்து கூடாது. இட்லி, சாதம், சப்பாத்தி, பழம், பால், சர்க்கரை போட்ட டீ எல்லாம் தள்ளுபடி. முட்டை, மீன், கோழி, பன்னீர், நெய், வெண்ணெய் சாப்பிடலாம், மீனுக்கு மாவு தடவக்கூடாது. அப்புறம் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். வார்டில் ராத்திரி டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) டிரிப் ஓடியிருந்தால் அத்தனையும் பாழ், ஸலைனுக்கு மாற்றச் சொல்லி நர்சிங் ஷீட்டில் எழுதுங்கள்.

ஏட்ரியங்களுக்கு நடுச்சுவரில் கொழுப்பு தடித்திருப்பதும் மின்னும். அதைக் கட்டி என்று எண்ணிவிடாமல் சிடியில் கொழுப்பின் கறுப்பா என்று பாருங்கள்.

#12 நிலவொளி

இனி மருந்து. கீமோவுக்கு முன் கையில் இருக்கவேண்டியவை: எல்டிஹெச், யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், கிரியேட்டினின், ட்ரோப்போனின், பிஎன்பி, ஜி6பிடி (ஒரு சிவப்பணு நொதி), ஹெச்ஐவி, ஹெச்சிவி, ஹெபடைட்டிஸ் பி. கடைசியதில் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது பாசிட்டிவ் என்றால் ரிட்டுக்சிமாப்புக்கு முன்பே என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர். முடிந்தபின் குறைந்தது 12 மாதம் தொடரவேண்டும்.

அடிப்படை ஆர்-சாப் (ஐந்து மருந்துக் கூட்டு), 21 நாளுக்கு ஒன்று, ஆறு சைக்கிள். உடல்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் ரிட்டுக்சிமாப் 600 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 1,200, டாக்சோரூபிசின் 80, வின்கிறிஸ்டின் 2 (கணக்கில் 2.24 வரும், உச்சவரம்பு 2), பிரட்னிசலோன் தினம் 100 ஐந்து நாள்.

இதயத்தில் இருக்கும்போது இதை முதல் நாளே முழுசாக ஊற்றக்கூடாது. எதிரொலி சொன்ன சுவர்க் கணக்கு இங்கேதான். கட்டி முழுத் தடிமனையும் தின்ற இடத்தில் கட்டியேதான் சுவர். அது மூன்று நாளில் கரைந்தால், நார்த்திசு வளர வாரங்கள் ஆகும் இடத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. கிழியலாம், செப்டத்தில் ஓட்டை விழலாம், துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போகலாம், தாளம் கெடலாம். ஆகவே பயாப்ஸி ஆனபின் முன்கட்டம்: பிரட்னிசலோன் 5–7 நாள், சிலர் வின்கிறிஸ்டின் 1 மி.கி. சேர்ப்பார்கள். அளவு பெரிதென்றால் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு. எக்கோ பார்த்துவிட்டுப் பிறகு ஆர்-சாப். ரிட்டுக்சிமாப்பை முதல் சைக்கிளில் 100 மி.கி. ஒரு நாள், மிச்சம் மறுநாள். மணிக்கு 50 மி.கி.யில் தொடங்கி அரைமணிக்கு 50 கூட்டலாம். தாங்கவில்லை என்றால் கூட்டாதீர்கள். அன்று காலை பிரஷர் மாத்திரை நிறுத்தம்.

முதல் சைக்கிள் முழுக்க மானிட்டர் உள்ள படுக்கையில்தான், டே-கேரில் அல்ல.

#13 மணிமுத்தாறு

இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) 40 என்றால் இதயத்தைப் பாதிக்கும் டாக்சோரூபிசின் கிடையாதுதானே?

#14 நிலவொளி

அதுதான் எல்லோரும் செய்யும் அவசரம். இஎஃப் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பழைய மாரடைப்பு, பழைய கார்டியோமயோபதி என்றால் தவிர்ப்பது சரி. டாக்சோரூபிசின் இடத்தில் எடோபோசைடு போட்ட ஆர்-சிஇஓபி கொடுக்கலாம்: முதல் நாள் சிரை வழி 50 மி.கி., அடுத்த இரண்டு நாள் வாய்வழி 100 மி.கி., சதுர மீட்டர் கணக்கில். லிம்போமா ஊறியதாலோ நீர் அழுத்தியதாலோ குறைந்திருந்தால், நோய் கரையக் கரைய இஎஃப் ஏறும். முன்கட்டமும் ஒரு சைக்கிள் சிஇஓபியும் கொடுத்து எக்கோ பாருங்கள், ஏறியிருந்தால் டாக்சோரூபிசினைச் சேருங்கள். குணமாகக்கூடிய நோயில் முக்கியமான மருந்தை இதயத்துக்குப் பயந்து விட்டுவிட்டால் அந்த இதயமும் மிஞ்சாது. ஆறு சைக்கிளுக்கும் சேர்த்து சதுர மீட்டருக்கு 300 மி.கி.தான். தேவையென்றால் டெக்ஸ்ராசாக்சேன் (இதயக் காப்பு மருந்து), டாக்சோரூபிசினைப் போல் பத்து மடங்கு, அதற்கு முன் அரைமணிக்குள்.

80 வயதைத் தாண்டியவருக்கு மினி-சாப் (அளவு குறைத்த சாப்).

#15 இதயமின் (தாளக் கோளாறு)

முழு ஏவி பிளாக்கோடு (ஏட்ரியத்தின் மின்சைகை வெண்ட்ரிக்கிளுக்குப் போகாத நிலை) வந்தால் அன்றே நிரந்தர பேஸ்மேக்கர் வைக்காதீர்கள். தற்காலிக பேசிங் போட்டு, கீமோ தொடங்கிச் சில வாரம் பாருங்கள். கட்டி ஏவி நோடை விட்டு விலகியதும் கடத்தல் திரும்பி வருவதுண்டு. வயரைக் கட்டிக்குள் குத்திச் செலுத்தினால் துளை விழும், பேசிங்கும் பிடிக்காது. வைத்தே ஆகவேண்டும் என்றால் எம்ஆர்ஐக்கு ஏற்றது. பொட்டாசியம் 4-க்கு மேல், மக்னீசியம் 2-க்கு மேல். வாந்தி மருந்தில் ஒண்டான்செட்ரான் க்யூடியை (ஈசிஜி இடைவெளி) நீட்டும், பாலோனோசெட்ரான் மேல்.

#16 நிலவொளி

4-க்கு மேல் என்பது சரி. ஆனால் முதல் 72 மணி நேரத்தில் ட்யூமர் லைசிஸ் (புற்றணுக்கள் மொத்தமாகச் சிதைவது) வந்தால் பொட்டாசியம் தானாகவே 6-க்குப் போகும். அந்த மூன்று நாளும் டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கவே வேண்டாம். 6–8 மணிக்கு ஒரு தடவை பாருங்கள், குறைந்தால் மட்டும் கொடுங்கள்.

#17 இதயமின்

ஒப்புக்கொள்கிறேன்.

#18 சொட்டுமருந்து (கீமோ வார்டு செவிலியர்)

வார்டில் தவறு நடக்கும் இடங்கள்:

எஸ்விசி அடைபட்ட நோயாளிக்குக் கையில் டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின் போடக்கூடாது. மருந்து மேலே ஏறாமல் தேங்கி வெளியே கசியும், தோல் வெந்துவிடும். தொடை வழி சென்ட்ரல் லைன் கேளுங்கள். பிக் லைன் (கை வழி இதயம்வரை போகும் குழாய்) போட்டிருந்தால் நுனி எக்ஸ்-ரேயில் எங்கே என்று பாருங்கள், கட்டியைத் தொடக்கூடாது.

லைசிஸுக்கு வழக்கமாக நாளுக்குச் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் ஓட்டுவோம், இங்கே அது மூச்சைத் திணறடிக்கும். அதற்காக ஃபுரோசமைடு (நீர் இறக்கும் மருந்து) தாராளமாகவும் வேண்டாம். வலது பக்கம் அடைபட்ட இதயம் உள்வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது, வறண்டால் பிரஷர் விழும். நீரைக் குறைத்து, மணிக்கொரு சிறுநீர் அளந்து, ரஸ்புரிகேஸ் (யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் மருந்து) கேட்கவேண்டும். ஜி6பிடி பார்த்த பிறகு, 3 மி.கி. ஒரே டோஸ் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. ரஸ்புரிகேஸுக்குப் பின் எடுக்கும் யூரிக் அமில ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே மருந்து வேலை செய்து 0.5 என்று பொய் எண் வரும்.

பெரிகார்டிய டிரெயின் போட்டதும் ஒரேயடியாகத் திறந்துவிடக்கூடாது. முதல் தடவை ஒரு லிட்டருக்குள் நிறுத்துங்கள். வேகமாக இறக்கினால் அழுத்தம் விட்ட இதயமே தளர்ந்து போகும். பிக்டெயிலை (டிரெயின் குழாயை) உள்ளேயே விட்டு, நாளுக்கு 25–30 மி.லி.க்குக் கீழ் வந்தபின் எடுப்பார்கள்.

முதல் வாரத்தில் திடீர் நெஞ்சுவலி, வியர்வை, பிரஷர் 80 என்றால் ரிட்டுக்சிமாப் ரியாக்‌ஷன் என்று மட்டும் நினைத்து ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டுக் காத்திருக்காதீர்கள், எக்கோ மெஷினை இழுத்து வாருங்கள்.

#19 மணிமுத்தாறு

சிஸ்டர், இதை அப்படியே அச்செடுத்து ஐசியூவில் ஒட்டப்போகிறேன். லிம்போமா மூளைக்குப் பரவாமல் தடுக்க மெத்தோட்ரெக்சேட் எப்போது?

#20 நிலவொளி

நீர் இருக்கும்வரை கிடையாது. பெரிகார்டியத்திலோ ப்ளூராவிலோ (நுரையீரல் உறை) தேங்கிய நீருக்குள் ஹை-டோஸ் மெத்தோட்ரெக்சேட் போய் ஒளிந்துகொண்டு, நாள்கணக்கில் கசிந்து சிறுநீரகத்தையும் வாயையும் மஜ்ஜையையும் கெடுக்கும். முதலில் நீர் வற்றட்டும். இதயத்தில் இருப்பது மட்டுமே தடுப்புக்குக் காரணமாகாது. விரை, சிறுநீரகம், அட்ரினல் சேர்ந்திருந்தால் தனிக்கணக்கு.

#21 எதிரொலி

பின்தொடர்வு: முதல் சைக்கிளில் 3-ஆம் நாள், 7-ஆம் நாள் எக்கோ, ஏதாவது மாறினால் அன்றே. அப்புறம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன். இஎஃப்போடு ஸ்ட்ரெயினும் (தசை சுருங்கும் அளவு) அளந்து வையுங்கள், தொடக்க எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் இஎஃப் சரியாக இருந்தாலும் பேசவேண்டும். சுவரில் வடு மிஞ்சும், அதைப் பார்த்து நோய் மிச்சம் என்று பயப்படாதீர்கள்.

#22 அணுக்கதிர்

மிச்சமா வடுவா என்பதற்கு, கடைசி கீமோ முடிந்து 6–8 வாரம் கழித்து பெட், அதே முட்டை-மீன் பட்டியலோடு. டோவில் (பெட்டில் மிச்ச வெளிச்சத்துக்குத் தரும் 1–5 மதிப்பெண்) 4, 5 என்று வந்தாலும் இதயத்தில் மறு பயாப்ஸியோ சில வாரம் கழித்து மறு பெட்டோ இல்லாமல் இரண்டாம் கட்ட கீமோவுக்குத் தாவாதீர்கள்.

#23 மணிமுத்தாறு

197 பேரின் பழைய தொகுப்பில் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 12 மாதம்தான் என்று படித்ததை உறவினர் கேட்டால் என்ன சொல்வது?

#24 நிலவொளி

அது 1949 முதல் 2009 வரை வெளியான கேஸ்களின் தொகுப்பு. ரிட்டுக்சிமாப் வருவதற்கு முந்தையவர்கள் அதில் ஏராளம். அதில் 92 சதவீதம் பேருக்கு வலது பக்கம் நோய் என்பது இன்றும் உதவும். 12 மாதம் என்பதை இன்றைய நோயாளியின் வீட்டாரிடம் சொல்லவேண்டாம். 'முதல் மூன்று வாரம்தான் கண்டம், அதைத் தாண்டினால் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் மருந்து கொடுக்கிறோம்' என்று சொல்லுங்கள். அந்த மூன்று வாரத்தில் என்னவும் நடக்கலாம் என்பதைக் கையெழுத்து வாங்கும்போது மறைக்காதீர்கள்.

#25 சொட்டுமருந்து

ஒரு சின்ன விஷயம். டிஸ்சார்ஜ் சீட்டில் கோட்ரைமாக்சசோல் (தொற்றுத் தடுப்பு மாத்திரை) இருக்கும், அதோடு ஸ்பைரோனோலாக்டோனும் (நீர் மாத்திரை) எழுதியிருப்பார்கள். இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றும். ஒரு வாரத்தில் பொட்டாசியம் பார்க்க வரச் சொல்லி, பொட்டாசியம் நிறைந்த இளநீர் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.